விண்டோஸ் 11 புதிதாகப் போட வேண்டும்: டி டிரைவ் தப்புமா?

வணக்கம் நண்பர்களே. வீட்டு லேப்டாப்பில் இன்னும் விண்டோஸ் 10தான் ஓடுகிறது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் 11-க்கு மாற நினைக்கிறேன். இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் எல்லாம் இருக்கிறது. அப்டேட் கொடுத்தால் பழைய குப்பையும் கூடவே வரும், அதனால் அழித்துவிட்டுப் புதிதாகவே போடப்போகிறேன். பென்டிரைவ் தயார்.

சிக்கல் என்னவென்றால், உள்ளே இரண்டு டிஸ்க். சி டிரைவ் எஸ்எஸ்டியில், டி டிரைவ் தனி ஹார்ட் டிஸ்க்கில். டி முழுக்க அப்பா வானவில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள். வெளியே ஒரு நகல் எடுத்துவிட்டேன், இருந்தாலும் பயம். இன்ஸ்டால் திரையில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்றுதான் காட்டுமாம். அளவைப் பார்த்து எஸ்எஸ்டியின் பார்ட்டிஷன்களை மட்டும் அழித்தால் போதுமா? ஒருவேளை லேப்டாப் பூட் ஆகத் தேவையான கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால்? முன்கூட்டியே எப்படிப் பார்ப்பது? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுச் செய் என்கிறான் மச்சான். இந்த மாடலில் அடிமூடி முழுவதையும் திறக்கணும், அதான் யோசனை.

இன்னொன்று, வைஃபை டிரைவர். நடுவில் இன்டர்நெட் கேட்கும்போது வைஃபையே தெரியாமல் போனால்? போனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் செய்தால் (போனின் நெட்டைப் பகிர்ந்தால்) எடுக்குமா, இல்லை டிரைவரை முதலிலேயே பென்டிரைவில் போட்டுக்கொள்ளணுமா?

லைசென்ஸ் பிரச்சினை இல்லை, ஒரிஜினல் ஹோம் பதிப்புதான். 'லினக்ஸ் போடுங்க' என்று வரப்போகும் அண்ணன்களுக்கு: வீட்டில் டாலி கணக்கு மென்பொருள் ஓடணும், மன்னிக்கவும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.