ஷூவின் முனையைப் பார்த்தேன், என் விரல்களைப் பார்க்கவில்லை

கூர்முனை ஷூ என்றால் எனக்கு உயிர். கல்லூரியில் முதல் ஜோடி வாங்கியதிலிருந்து பத்து வருடம் வேறு எதையும் திரும்பிப் பார்த்ததில்லை. காலை நீளமாகக் காட்டும், சாதாரண உடையைக்கூட எடுப்பாக்கும். சாயங்காலம் கழற்றும்போது விரல்கள் விறுவிறுக்கும். அழகான ஷூ போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை நின்றபடியே வேலை. ஊசி போன்ற முனை, மூன்று அங்குல ஹீல். மதியத்துக்குள் இடது காலில் மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே எரிச்சல் ஆரம்பித்தது. பாதத்துக்கு அடியில் கூழாங்கல் கிடப்பது போலவே இருந்தது. இரண்டு முறை ஷூவைக் கழற்றி உதறினேன், ஒன்றும் விழவில்லை. இரவு பார்த்தால் இரண்டாவது விரலின் நகம் கறுத்திருந்தது.

எரிச்சல் வாரக்கணக்கில் நிற்காததால் மருத்துவரிடம் போனேன். பாதத்தின் முன்பக்கத்தை இரு பக்கமும் சேர்த்து அழுத்தினார். அதே எரிச்சல் அப்படியே வந்தது. மார்ட்டன் நியூரோமா என்றார். விரல்களுக்குப் போகும் நரம்பைச் சுற்றி உள்ள திசு தடித்துப்போவதுதான் இது. கூர்முனை விரல்களைப் பக்கவாட்டில் நெருக்குகிறது, ஹீல் உடம்பின் எடையை முன்னால் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் நடுவில் மாட்டிக்கொள்வது அந்த நரம்பு. நல்லவேளை, ஆரம்பத்திலேயே போனதால் அகலமான ஷூவும், தாழ்ந்த ஹீலும், உள்ளே வைக்கும் ஒரு சின்னத் திண்டுமே போதும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத் தாளில் வெறுங்காலோடு நின்று, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தேன். அந்தப் படத்தின் மேல் எனக்குப் பிடித்த ஷூவை வைத்துப் பார்த்தபோது மனசு கனத்துவிட்டது. கட்டைவிரலில் பாதியும் சுண்டுவிரல் முழுவதும் ஷூவுக்கு வெளியே நின்றன. அத்தனை வருடமும் அவற்றை உள்ளே திணித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறேன்.

எனக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளம். இதைக் கிரேக்கப் பாதம் என்பார்கள். கட்டைவிரல் நீண்டு மற்றவை படிப்படியாக இறங்கினால் எகிப்தியப் பாதம், விரல்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் சதுரப் பாதம். ஷூ அளவு எண்ணில் இதெல்லாம் தெரியாது. நகம் கறுத்ததற்குக் காரணமும் இதுதான், முன்னால் போய் முட்டியது அந்த இரண்டாவது விரல்.

அப்புறம் வட்டமுனை வாங்கினேன். வலி இல்லை, ஆனால் என் காலுக்கு அது குட்டையாகத் தெரிந்தது, மனசு ஒட்டவில்லை. கடைசியில் நிலைத்தது ஆல்மண்ட் முனை. பாதாம் பருப்பு மாதிரி மெதுவாகக் குறுகி, நுனியில் கூராகாமல் வளைந்து முடியும். நடுவிரல்களுக்கு நீளம் கிடைக்கிறது, பார்க்கவும் நேர்த்தி. இரண்டு வருடமாக அதுதான். உங்களுக்கு எந்த முனை பொருந்தியது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், சொல்லுங்கள்.

* * *

உங்கள் கதையைப் படித்ததும் என் அம்மாவின் கால்தான் கண்ணில் நின்றது அக்கா. அவருக்குக் கட்டைவிரல் மற்ற விரல்கள் பக்கமாகச் சாய்ந்து, அதன் அடிமூட்டில் எலும்பு புடைத்திருக்கும். ஹாலக்ஸ் வால்கஸ் என்று பெயர். பாத அமைப்பு பரம்பரையாக வருவதும் இதற்கு ஒரு காரணம், எனக்கும் லேசாக ஆரம்பித்திருக்கிறது. அதனால் கூர்முனையைத் தொடுவதே இல்லை.

இது நம் காலத்துத் தொல்லையும் இல்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தோண்டி எடுத்த 177 பேரின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் இந்தப் புடைப்பு. 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர்களில் அது 27 சதவீதம். பூலேன் என்ற நீண்ட கூர்முனைக் காலணி பரவிய காலம் அது. ஆண்களும் அதை விரும்பிப் போட்டார்கள். முனை எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று 1463-இல் அங்கே சட்டமே போட்டார்கள், பிரபுக்களுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இரண்டு அங்குலம்தான். அது படித்த நாளிலிருந்து, என் கால் மட்டும்தான் ஒத்துழைக்கவில்லை என்ற குறை எனக்குப் போய்விட்டது.

நான் இப்போது போடுவது சதுரமுனை. எனக்குச் சதுரப் பாதம், அதனால் விரல்கள் விரிந்து உட்காருகின்றன.

* * *

ஆறு வருடம் ஷூ கடையில் அளவு பார்த்துக் கொடுக்கும் வேலை செய்தேன். மேலே சொன்ன இரண்டும் சரி, ஆனால் கூர்முனை எல்லாமே கெடுதல் என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு பெண் வந்தார். மேடையில் பேச வேண்டும், கூர்முனைதான் வேண்டும், ஆனால் எதைப் போட்டாலும் வலிக்கிறது என்றார். ஒரு அளவு பெரியதாக எடுத்துக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார். நிறையப் பேர் செய்வது இதுதான். ஐரோப்பிய அளவில் ஒரு எண் கூடினால் நீளம் கூடுவது 6.67 மில்லிமீட்டர்தான், அகலம் அதைவிடக் குறைவாகவே கூடும். குதிகால் பக்கம் தொளதொளவென்று ஆகி, ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னால் சறுக்கி, விரல்கள் அந்தக் குறுகிய இடத்துக்குள்ளேயே போய் இடிக்கும். பெரிய அளவு எடுத்தும் வலி கூடியது என்பவர்களுக்கு நடப்பது இதுதான்.

அவருக்கு நான் இரண்டு கூர்முனை ஜோடிகளை அருகருகே வைத்துக் காட்டினேன். இரண்டும் ஒரே அளவு. ஆனால் ஒன்றின் அச்சு, அதாவது ஷூவை எந்த வடிவத்தின் மேல் இழுத்துத் தைக்கிறார்களோ அந்த லாஸ்ட், விரல்கள் தொடங்கும் இடத்திலேயே குறுகியது. இன்னொன்று விரல் நுனி வரை அகலமாக வந்து, அதற்கு அப்பால் வெறும் முனையாக நீண்டது. அந்த நீண்ட முனைக்குள் விரலே போகாது, அது தோற்றத்துக்கு மட்டும். அவர் இரண்டாவதைப் போட்டு, கடைக்குள் பத்து நிமிடம் நடந்துவிட்டு அதையே வாங்கிப் போனார். ஒரு மாதம் கழித்து அதே ஷூவோடு வந்து நன்றி சொன்னார். அந்த நாளை மறக்க முடியாது.

சதுரமுனை பற்றியும் ஒரு எச்சரிக்கை. நுனி சதுரமாக வெட்டியிருந்தாலே உள்ளே இடம் உண்டு என்று நினைக்காதீர்கள். பக்கங்கள் குறுகி வந்து நுனி மட்டும் மழுங்கியிருக்கும் ஷூக்கள் ஏராளம். உயரத்தையும் பாருங்கள், மேல்பகுதி தட்டையாக இருந்தால் நகங்களை அழுத்தும். விரல் நுனி தெரிய முன்னால் ஓட்டை விட்ட பீப் டோ ஷூவில் ஹீல் உயரமாக இருந்தால் விரல்கள் ஓட்டை வழியே பிதுங்கும்.

மாலையில் போய் வாங்குங்கள், அந்த நேரத்தில் பாதம் சற்று வீங்கியிருக்கும். இரண்டு காலில் பெரிய காலுக்கே அளவு எடுங்கள். போடப் போடத் தளர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால், நல்ல தோல் அகலத்தில் கொஞ்சம் தளரும், நீளத்தில் தளராது. செயற்கைத் தோல் பெரும்பாலும் அதுவும் செய்யாது.

* * *

ஷூ கடை அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு மூட்டை கட்டி வைத்திருந்த பழைய கூர்முனை ஜோடிகளை எடுத்தேன். அன்று நான் தாளில் வரைந்த படத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஐந்து ஜோடிகளில் நான்கு, விரல்கள் தொடங்கும் இடத்திலேயே குறுகுகின்றன. ஒன்று மட்டும், தட்டையான கறுப்பு ஜோடி, சுண்டுவிரல் வரை உள்ளே வாங்கிக்கொண்டு அதற்கப்புறம்தான் கூராகிறது. இன்று வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் போட்டு நடந்தேன். எரிச்சல் வரவில்லை.