ஏற்காடு வீட்டுக்கு 2 நட்சத்திரம்: பனிமூட்டத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு?

அஸ்தம்பட்டி அக்கா:
மாமனாரின் காப்பித் தோட்டத்து வீட்டில் ரெண்டு அறையை ஒழுங்குபண்ணி, இந்த ஜூலையில்தான் ஆன்லைனில் வாடகைக்கு விட ஆரம்பித்தேன். முதலில் வந்த ரெண்டு குடும்பமும் 5 நட்சத்திரம். மூணாவதாக, ஆகஸ்டில் வந்தவர்கள் 2.

அவர்கள் எழுதியது: “வியூ என்று ஏமாற்றுகிறார்கள். ரெண்டு நாளும் வெறும் பனிமூட்டம். வெந்நீர் இல்லை. ஏசி இல்லை.”

மேகம் இறங்கினால் நான் எந்த சுவிட்சை அணைப்பது? ஏசி இல்லை என்று முதலிலேயே போட்டிருக்கிறேன். வெந்நீர் விஷயம்தான் ஆறவில்லை. முதல் நாள் காலை கரண்ட் இல்லை, கெய்சர் ஓடவில்லை, நிஜம். ஆனால் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மா ஈர விறகை ஊதி ஊதி, அண்டாவில் வெந்நீர் போட்டு, நாலு பக்கெட் கொண்டுபோய் வைத்தார். மதியம் 3 மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ராத்திரி 10 மணிக்கு வந்தபோது ரசத்தைச் சூடு பண்ணிக் கொடுத்ததும் அவர்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்களுக்கு மலையில் மேகம் இருக்கும் என்று தெரியாதா?” என்று ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் போடாதே என்கிறார். போடவா?

காப்பிக்கொட்டை:
உங்க வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்க அக்கா. அந்தப் பதிலை அவங்க படிக்கப்போவதில்லை, அடுத்து புக் பண்ண நினைப்பவர்தான் படிப்பார். ‘இந்தம்மா சண்டைக்கு வருவாங்க போல’ என்று நகர்ந்துவிடுவார்.

இப்போது உங்க சராசரி 4.0. அடுத்த 12 பேர் வரிசையாக 5 கொடுத்தால்தான் 4.8 ஆகும். வாடகை வீட்டுத் தளமான ஏர்பிஎன்பியில் ‘சூப்பர்ஹோஸ்ட்’ என்ற பட்டம் வாங்க அந்த 4.8 வேண்டும். கஷ்டம்தான், ஆனால் மூணே விமர்சனம் இருப்பதால்தான் இப்படி ஆடுகிறது. ஏர்பிஎன்பி என்றால் பதில் போட 30 நாள் உண்டு, அவசரமே இல்லை. இன்னொன்று: ‘பணத்தைத் திருப்பித் தராவிட்டால் மோசமாக எழுதுவோம்’ என்று மெசேஜில் மிரட்டினார்களா? அப்படியிருந்தால் நீக்கச் சொல்லிக் கேட்கலாம். நியாயமில்லை என்பதற்காக எடுக்க மாட்டார்கள்.

அஸ்தம்பட்டி அக்கா:
மிரட்டலெல்லாம் இல்லை. கிளம்பும்போது சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினார்கள்!

மலைப்பாதை:
கோபிக்காதீங்க, ஒன்று கேட்கிறேன். உங்க லிஸ்டிங்கில் முதல் படம் என்ன?

அஸ்தம்பட்டி அக்கா:
ஜன்னலிலிருந்து ராத்திரி சேலம் விளக்குகள். பையன் ஏப்ரலில் எடுத்தது.

மலைப்பாதை:
அதுதான். ஏப்ரல் படத்தைக் காட்டி ஆகஸ்டில் அறை கொடுத்திருக்கீங்க. மழை மாசத்தில் லேடீஸ் சீட் வியூ பாயிண்டில் நின்றே கீழே ஒன்றும் தெரியாமல் திரும்பியிருக்கிறேன், சேலத்துக்காரன் நானே. வெளியூர்க்காரருக்கு என்ன தெரியும்? மேகம் ஏறிய படம் ஒன்றைச் சேருங்க. மழைக்காலத்தில் விளக்கு தெரியாத நாளும் உண்டு, கரண்ட் போகும் என்று எழுதுங்க. அப்புறம் பதில் போடுங்க.

அஸ்தம்பட்டி அக்கா:
குத்தியது, ஆனால் சரிதான். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் மேகம் நிற்கிற படம் ஒன்று இருக்கிறது, அதையே முதலில் வைத்துவிட்டேன். பதில் இது, போதுமா பாருங்க:

“வந்ததற்கு நன்றி. மழைக்காலத்தில் காட்சி மறையும் என்று நாங்கள் முன்பே எழுதியிருக்க வேண்டும், இப்போது சேர்த்துவிட்டோம். கரண்ட் போன காலையில் எங்கள் பெரியம்மா விறகில் வெந்நீர் போட்டுக் கொடுத்தார். கெய்சருக்கு இன்வெர்ட்டர் தாங்காது என்பதால், அண்டாவும் விறகும் இனி எப்போதும் தயாராக இருக்கும்.”

பெரியம்மா வரியை எடுத்துவிடவா? சொல்லிக்காட்டுவது போல இருக்கிறதோ?

காப்பிக்கொட்டை:
எடுக்காதீங்க. பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க.