தைராய்டு அறுவையில் குரல் நரம்பு: பாதியில் நிறுத்திய மருத்துவரும் எங்கள் சந்தேகமும்

நோயாளியின் கணவர்:
என் மனைவிக்குத் தைராய்டு சுரப்பியின் இருபுறமும் கட்டிகள் வளர்ந்து விழுங்குவதே சிரமமாகிவிட்டதால், முழுச் சுரப்பியையும் எடுத்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது. ஆனால் அறுவைக் கூடத்திலிருந்து வெளியே வந்த மருத்துவர், இடப்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு வலப்பக்கத்தைத் தொடாமல் தையல் போட்டுவிட்டதாகச் சொன்னார். உறவினர்கள் கொதித்துப்போனார்கள், இரண்டு முறை பணம் கறக்கும் வழி இது என்று ஒருவர் அவர் காதுபடவே பேசினார்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தின் வழியாக, சுரப்பியின் பின்புறத்தை ஒட்டி மேலேறும் மீள்குரல்வளை நரம்புதான் அந்தந்தப் பக்கத்துக் குரல் நாணை அசைக்கிறது. மயக்கத்தின்போது செருகும் சுவாசக் குழாயில் குரல் நாண்களைத் தொடுமாறு மின்முனைகள் பதிக்கப்பட்டிருக்கும். நரம்பை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினால் தசை சுருங்குவது திரையில் அலையாகத் தெரியும். தொடக்கத்தில் 500 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் இருந்த அலை, சுரப்பியை இழுத்து விடுவிக்கும்போது 100க்குக் கீழே இறங்கி, காத்திருந்தும் மீளவில்லை. நரம்பு அறுபடவில்லை, இழுபட்டதில் செயலிழந்திருந்தது. வலப்பக்க நரம்புக்கும் அதுவே நேர்ந்திருந்தால் இரு நாண்களும் நடுவில் அசையாமல் நின்று மூச்சை அடைத்திருக்கும். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டிய நிலைகூட வந்திருக்கலாம். கட்டிகள் புற்று அல்ல என்று ஊசிப் பரிசோதனை சொல்லியிருந்ததால் காத்திருப்பதில் ஆபத்தும் இல்லை. நோயாளியின் வீட்டார் ஏசுவார்கள் என்று தெரிந்தே நிறுத்தியவர் மீது எனக்கு இப்போது இருப்பது மரியாதைதான்.

அடுத்த சில வாரங்கள் கடினமாக இருந்தன. அவள் குரலில் காற்றுதான் அதிகம் வந்தது, தண்ணீர் குடித்தாலே புரை ஏறியது. மோவாயை மார்போடு தாழ்த்தி விழுங்கவும், தண்ணீருக்குப் பதிலாகக் கெட்டியான கஞ்சியாகக் குடிக்கவும் பேச்சுப் பயிற்சியாளர் பழக்கினார். சில மாதங்களில் குரல் திரும்பியது. தொண்டைக்குள் செலுத்திப் பார்க்கும் உள்நோக்கியில் இடது நாண் அசைவது உறுதியான பிறகே மறுபக்கத்தை எடுத்தார்கள்.

மயக்கவியல் மருத்துவர்:
ஐயா, உங்கள் மருத்துவர் செய்தது சரியான முடிவு. நரம்பை இப்படித் திரையில் கண்காணிக்கும் கருவி இருந்தால் குரலுக்கு ஆபத்தே இல்லை என்று நம்பி வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். நரம்பைக் கண்ணால் கண்டு காப்பதைவிடக் கருவி நிரந்தரப் பாதிப்பைக் குறைக்கிறது என்பது இன்னும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. அதன் மிகப் பெரிய பயன், நீங்கள் கண்டதுபோல, மறுபக்கத்தில் கை வைக்கலாமா என்பதை அங்கேயே முடிவு செய்ய உதவுவதுதான்.

கருவி பொய்யும் சொல்லும். கழுத்தை நிமிர்த்தும்போது குழாய் சற்றே திரும்பிவிட்டாலோ, தசைத் தளர்வு மருந்தின் வீரியம் எஞ்சியிருந்தாலோ நல்ல நரம்பும் பதில் தராது. ஆகவே அலை மறைந்தவுடன் பதறாமல், தூண்டும்போது குரல்வளை துடிக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்போம், குழாயின் இடத்தைச் சரிபார்ப்போம், மீள்குரல்வளை நரம்பு கிளைத்து வரும் தாய் நரம்பான வேகஸை மறுபக்கத்திலும் தூண்டிப் பார்ப்போம். இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன்: அறுவைக்கு முன்பே குரல் நாண்களை உள்நோக்கியில் பார்த்துவிடுவது நல்லது. ஒரு நாண் ஏற்கெனவே செயலிழந்திருந்தும் மற்றது ஈடுகட்டுவதால் இயல்பாகப் பேசுபவர்கள் உண்டு. இழுபட்ட நரம்பு பெரும்பாலும் மீண்டுவிடும் என்பதால், பொதுவாக 6 முதல் 12 மாதங்கள் வரை பார்த்த பிறகே பாதிப்பை நிரந்தரம் என்று சொல்வோம்.

பஜனைக் குழுவில் பாடும் பெண்மணி:
டாக்டர் ஐயா, தைராய்டு அறுவைக்குப் பிறகு என் நாண்கள் இரண்டும் நன்றாக அசைவதாக அறிக்கை சொல்கிறது, பேச்சிலும் குறையில்லை. ஆனால் தாரஸ்தாயி ஷட்ஜத்தை, அதாவது மேல்ஸ்தாயி 'ஸ'வை, தொடுமுன்பே குரல் உடைந்துவிடுகிறது. சுரப்பியின் மேல்முனை இரத்தக் குழாய்களை ஒட்டிப் போகும் மேல்குரல்வளை நரம்பின் வெளிக்கிளை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும், நாணை இழுத்து முறுக்கேற்றும் தசை அந்தக் கிளையால்தான் இயங்குகிறது என்றும் இரண்டாவதாகப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் சொன்னார். அதையும் அதே கருவியால் தூண்டிப் பார்க்க முடியுமாம். நான் பாடுபவள் என்பதை அறுவைக்கு முன் யாரும் கேட்கவில்லை.

இப்போது ஐந்தரைக் கட்டையிலிருந்து ஐந்துக்குச் சுருதியை இறக்கிப் பாடுகிறேன். பயிற்சியாலோ சிகிச்சையாலோ மேல்ஸ்தாயி திரும்பியவர்கள் இங்கே இருந்தால், எவ்வளவு காலம் பிடித்தது என்று தயவுசெய்து எழுதுங்கள்.