பைபிளில் "பயப்படாதே" 365 முறை வருகிறதாம். எண்ணியவர் யார்?

பனங்காட்டு வாத்தியார்:
போன ஞாயிறு எங்கள் ஊர் வாலிபர் கூடுகையில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் பேசினார். "வேதத்தில் பயப்படாதே என்ற வார்த்தை சரியாக 365 முறை வருகிறது. வருஷத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. ஆகவே ஊழிய அழைப்பு வந்த பிறகும் பயப்படுகிறவன் கர்த்தருக்கு 365 முறை கீழ்ப்படியாதவன்" என்றார். என் தங்கை பேரன், இருபத்திரண்டு வயசு, முன் வரிசையில் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டான். எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எண்ணினேன், பென்சிலால் ஐந்தைந்து கோடாகப் போட்டு. பயப்படாதே, பயப்படாதிருங்கள், பயப்படவேண்டாம் எல்லாவற்றையும் சேர்த்தும் 365-இல் பாதிகூட வரவில்லை. பொய்க் கணக்கை வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஊழியத்துக்கு அனுப்பாதீர்கள்.

எரிகோ மதில்:
பிரதர், அந்தக் கூடுகையில் நானும் இருந்தேன். 17 பேர் எழுந்து நின்று தங்களை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தார்கள். அது உங்கள் கண்ணில் படவில்லை, கணக்குதான் பட்டது. பாரம்பரிய சபைக்காரர்களுக்கு இதுவே வழக்கம். ஆவியானவர் கிரியை செய்யும்போது பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்று 2 தீமோத்தேயு 1:7 சொல்கிறது. அப்புறம் 365 ஆனால் என்ன, 300 ஆனால் என்ன?

பனங்காட்டு வாத்தியார்:
என்னவா? 365 என்று மேடையில் சொன்னவர் 365 காட்டவேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். நீங்களே 300 என்று இறங்கிவிட்டீர்கள், அந்த 300 எங்கே?

முத்துநகர் கத்தோலிக்கன்:
ரெண்டு பேரும் எந்த மொழிபெயர்ப்பில் எண்ணுகிறீர்கள்? நாங்கள் படிக்கும் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் பெரும்பாலும் "அஞ்சாதே" என்றுதான் இருக்கும். அதில் "பயப்படாதே" என்று தேடினால் கணக்கு வராது. மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு கணக்கு மாறும், இதுகூடத் தெரியாமல் சண்டையா? 1978 அக்டோபர் 22-இல் இரண்டாம் ஜான் பால் திருத்தந்தையாகப் பொறுப்பேற்றபோது "அஞ்சாதீர்கள்" என்று சொன்னார். அந்த ஒரே வார்த்தை அவர் பிறந்த போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராக மக்களுக்கு எவ்வளவு தைரியம் கொடுத்தது என்று உலகத்துக்கே தெரியும். அவர் 365 தடவையா சொன்னார்?

எரிகோ மதில்:
போப்பாண்டவர் இங்கே எதற்கு? இது வசனத்தைப் பற்றிய இழை.

முத்துநகர் கத்தோலிக்கன்:
தவக்காலத்தில் நான் போட்ட பதிவை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தது நீங்கள்தானே, எரிகோ? மறக்கவில்லை. "ஆண்டவர்" என்று எழுதினால் குற்றம், "கர்த்தர்" என்று எழுதினால்தான் கிறிஸ்தவன் என்றீர்கள்.

பனங்காட்டு வாத்தியார்:
அந்தப் பழைய பஞ்சாயத்து வேண்டாம். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. இன்னொன்றும் கேளுங்கள். எண்ணும்போது எதையெல்லாம் சேர்ப்பீர்கள்? நியாயாதிபதிகள் 4:18-இல் யாகேல் என்ற பெண், தப்பி ஓடிவந்த எதிரிப் படைத்தலைவன் சிசெராவைப் பார்த்து "உள்ளே வாரும், பயப்படாதேயும்" என்கிறாள். அவனும் நம்பி உள்ளே போய்ப் படுக்கிறான். அவள் கையாலேயே கூடார ஆணி அவன் நெற்றிப்பொறியில் இறங்குகிறது. இதுவும் உங்கள் 365-இல் ஒரு நாளா? எந்தத் தேதிக்கு வைத்திருக்கிறீர்கள்? பொருளைப் பார்க்காமல் வார்த்தையை எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

எரிகோ மதில்:
வசனத்தைக் கேலி செய்யாதீர்கள் பிரதர்.

பனங்காட்டு வாத்தியார்:
வசனத்தைக் கேலி செய்வது நானா? முப்பத்தொரு வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தினவன். வசனம் தெரியும் என்பதால்தான் கோபம் வருகிறது.

வார்டு சிஸ்டர்:
வாத்தியார் அய்யா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். யாகேலை நினைவுபடுத்தினீர்கள், நான் ராகேலை நினைவுபடுத்துகிறேன். ஆதியாகமம் 35:17. கடும் பிரசவ வேதனையில் இருக்கிறவளிடம் மருத்துவச்சி "பயப்படாதே, இந்த முறையும் புத்திரனைப் பெறுவாய்" என்கிறாள். பிள்ளை பிறந்தது, தாய் செத்துப்போனாள். நான் வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை செய்கிறேன். அந்த மருத்துவச்சி சொன்னதை இந்தியில் தினமும் சொல்கிறேன். சொல்லும்போது என் கையே சில்லென்று இருக்கும். வந்த முதல் வாரம், ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போய், மொபைல் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு ரத்தப்போக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் ஜீப்பில் வர நாற்பது நிமிஷம் ஆனது. பயம் போகவே இல்லை. ஆனால் கையை எடுக்கவும் இல்லை. "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" என்ற ஏசாயா 41:10-ஐத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

எரிகோ மதில்:
ஆமென் சிஸ்டர்! இதைத்தான் சொல்ல வருகிறேன். விசுவாசம் பயத்தை விரட்டிவிட்டது!

வார்டு சிஸ்டர்:
விரட்டவில்லை என்றுதானே அண்ணா எழுதியிருக்கிறேன். இன்னொரு முறை படியுங்கள்.

பனங்காட்டு வாத்தியார்:
அருமை தங்கச்சி. வேலூரில் சி.எம்.சி. மிஷன் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மாவையும் அன்று மேடையில் "பயமே அறியாத வீராங்கனை" என்று சொன்னார்கள். நடந்தது என்ன? 1890-இல் தாயாருக்குச் சுகமில்லை என்று திண்டிவனம் வந்த பெண். இந்தியாவில் தங்க மனசே இல்லை, அமெரிக்காவுக்குத் திரும்பவேண்டும் என்றே வந்தவர். ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவம், ஆண் டாக்டரான அப்பா வரக்கூடாது என்றார்கள். இவருக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் விடிவதற்குள் இறந்துபோனார்கள். இங்கே ஆயுளைக் கழிக்க விருப்பமில்லாமல் அந்த ராத்திரி ஜெபத்தில் தவித்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரி, 1899-இல் பட்டம், 1900-இல் திரும்பி வந்தார். 1902-இல் ஆஸ்பத்திரி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. நடுவில் ஏறக்குறைய பத்து வருஷம் இருக்கிறது, கவனியுங்கள். படித்துவிட்டு வந்தார். எவரும் அவரை 365 சொல்லி மறுநாளே ரயில் ஏற்றவில்லை.

எரிகோ மதில்:
அப்படியானால் எல்லாரும் பட்டம் வாங்கிவிட்டுத்தான் ஊழியத்துக்கு வரவேண்டுமா? மீன்பிடித்துக்கொண்டிருந்த பேதுரு எந்தக் கல்லூரி? மீதியானியரோடு போருக்குப் போன கிதியோனிடம் கர்த்தர் பயந்தவர்களை வீட்டுக்கு அனுப்பச் சொன்னாரே! 32,000 பேரில் 22,000 பேர் திரும்பிப் போனார்கள். பயந்தவனுக்கு ஊழியத்தில் இடமில்லை. பதில் சொல்லுங்கள்.

பனங்காட்டு வாத்தியார்:
சொல்கிறேன். நீங்கள் சொன்ன அதே நியாயாதிபதிகள் 7-ஆம் அதிகாரத்தில் 10-ஆம் வசனம் வரைக்கும் போங்கள். 22,000 பேர் வீட்டுக்குப் போய், கடைசியில் 300 பேர்தான் மிச்சம். அப்போது கர்த்தர் கிதியோனிடமே "போகப் பயப்பட்டால் உன் வேலைக்காரன் பூராவைக் கூட்டிக்கொண்டு போ" என்கிறார். அவனும் பூராவைக் கூட்டிக்கொண்டுதான் போகிறான். என்ன அர்த்தம்? பயந்து ஆலையில் ஒளிந்து கோதுமை அடித்தவன், கர்த்தரிடம் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலை ரெண்டு முறை போட்டுப் பார்த்தவன், கடைசி ராத்திரியிலும் பயந்துகொண்டுதான் இருந்தான். கர்த்தர் அவனைத் திட்டவில்லை, துணைக்கு ஓர் ஆளைக் கொடுத்தார். எங்கள் வீட்டுப் பையனுக்குப் பூரா யார்? எட்டு வருஷத்துக்கு முன்னால் என் மூத்த தங்கை மகன் இதே மாதிரி ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றான். இருந்த வேலையை விட்டுவிட்டு, மொழி தெரியாத ஊருக்குத் தனியாகப் போனான். அனுப்பியவர்கள் மூன்றாம் மாசத்தோடு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மலேரியாவோடு திரும்பி வந்தவனை நாகர்கோவில் ரயிலில் இருந்து நான்தான் தூக்கி இறக்கினேன். சட்டைப்பையில் அந்தக் கூட்டத்து வசன அட்டை நனைந்து ஒட்டிக்கிடந்தது. இன்றைக்கும் அவன் கோயில் வாசல் மிதிப்பதில்லை. அதனால்தான் கேட்கிறேன், 365 எங்கே?

முத்துநகர் கத்தோலிக்கன்:
வாத்தியாரே, அதற்கு வருத்தப்படுகிறேன். ஆனாலும் திருவிவிலியத்தில் எண்ணியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

பனங்காட்டு வாத்தியார்:
அதில் மட்டும் 365 வருமா?

முத்துநகர் கத்தோலிக்கன்:
அப்படிச் சொல்லவில்லை. "அஞ்சாதே" என்பது நல்ல தமிழ் என்கிறேன்.

எரிகோ மதில்:
நல்ல தமிழ் வேண்டுமென்றால் தமிழ் மன்றத்துக்குப் போகலாம். வாத்தியார் பிரதர், உங்கள் மருமகன் விசுவாசத்தில் நிற்காததற்கு 365 என்ன செய்யும்?

வார்டு சிஸ்டர்:
அண்ணா, அந்த வரியை எடுத்துவிடுங்கள். தயவுசெய்து.

எரிகோ மதில்:
எடுக்கமாட்டேன். உண்மையைச் சொன்னால் கசக்கும். நானும் ஏழு வருஷமாகச் சம்பளம் இல்லாமல் ஊழியத்தில் இருக்கிறேன். மனைவி நகையை வைத்து வாடகை கட்டியிருக்கிறேன். பயந்திருந்தால் அன்றே ஓடியிருப்பேன். சுவரில் மாட்டிய காலண்டரில் தினம் ஒரு தாள் கிழிக்கும்போது அந்த 365 என்னைத் தாங்கியது. அதை ஒருவர் பென்சிலால் அடித்துவிட முடியாது.

பனங்காட்டு வாத்தியார்:
உங்கள் கஷ்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தாங்கினது கர்த்தரா, கணக்கா? கர்த்தர் என்றால் கணக்கை விட்டுவிடுங்கள். கணக்கு என்றால் 365-ஐ எழுதுங்கள். லீப் வருஷம் பிப்ரவரி 29-க்கு என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எரிகோ மதில்:
366 என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பனங்காட்டு வாத்தியார்:
பார்த்தீர்களா, ஒன்று கூடிவிட்டது!

எரிகோ மதில்:
யோசுவா 1:9-ஐச் சேர்த்தீர்களா? "திகையாதே, கலங்காதே." அதுவும் பயப்படாதேதான். அதையெல்லாம் விட்டுவிட்டு எண்ணினால் எப்படி வரும்?

பனங்காட்டு வாத்தியார்:
அப்படியானால் "பயப்படாதே என்ற வார்த்தை" என்று ஏன் சொன்னார்? திகையாதே தனி வார்த்தை. சரி, அதையும் சேர்க்கிறேன், கலங்காதே-யையும் சேர்க்கிறேன். நாளை சாயங்காலம் மறுபடி ஆதியாகமத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். யாகேலை மட்டும் சேர்க்கமாட்டேன்.

எரிகோ மதில்:
யாகேலையும் சேர்க்கவேண்டும். வேதத்தில் இருப்பது வேதத்தில் இருப்பதுதான்.

வார்டு சிஸ்டர்:
எனக்கு நைட் டியூட்டி இருக்கிறது. வாத்தியார் அய்யா, உங்கள் தங்கை பேரன் நிஜமாகவே கிளம்புவதாக இருந்தால் இங்கே எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மாசம் தங்கிப் பார்க்கட்டும். தமிழ் பேச நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம்.

பனங்காட்டு வாத்தியார்:
அவனிடம் சொல்கிறேன் தங்கச்சி. முதலில் எரிகோ பதில் சொல்லட்டும்.