கல்விச்சீர் வருகிறது: தட்டு ஏந்த வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

ஈராசிரியர் பள்ளி டீச்சர்:
புதுக்கோட்டை மாவட்டத்தில் 38 பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை நான். அடுத்த மாதம் ஊரார் கல்விச்சீர் எடுக்கிறார்கள், அதாவது பள்ளிக்கு வேண்டிய பொருள்களைச் சீர்வரிசையாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கோயில் வாசலிலிருந்து மேளதாளத்தோடு, தாய்மாமன் சீர் போலத் தாம்பாளங்களில் நோட்டு, பென்சில், குடம், மின்விசிறி, பீரோகூட வரும். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 6 பிள்ளைகளின் பெற்றோர் தைலமரம் வெட்டப் போகிறவர்கள். சென்ற ஆண்டு ஒருவர் பை கொடுத்தபோது, "ஏழை மாணவர்கள்" என்று ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தார்கள். மறுநாள் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி உரச்சாக்கில் தைத்த பழைய பையோடுதான் வந்தாள். கேட்டால், "அது ஏழைப் பை டீச்சர்" என்கிறாள். இந்த முறை என்ன செய்யலாம்?

ஓய்வு பெற்ற வாத்தியார்:
சீர் என்றால் சீராகவே நடத்துங்கள் அம்மா. பிறந்த வீட்டுச் சீரை வாங்கும் பெண்ணை யாராவது ஏழை என்கிறார்களா? அது அவள் உரிமை. எல்லாம் பள்ளியின் பெயருக்கே வரட்டும். பிறகு 38 பேருக்கும் ஒரே பை, ஒரே நோட்டு. காமராசர் காலத்தில், 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் ஊரார் பள்ளிக்குத்தான் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியை மட்டும் மேளக்காரர் பக்கத்தில் வைத்துவிடுங்கள், ஒருவர் பேசுவதும் கேட்காது!

கீரமங்கலம் பக்கத்துக்காரன்:
ஆடி வந்தால், விருந்து வைத்து மொய்ப் பணம் வாங்கும் மொய் விருந்து நடக்கும் பக்கம் இது. எவர் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் ஏறாவிட்டால் நம் ஆட்களுக்குத் தூக்கம் வராது. எழுதட்டும், தொகையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஆறு வீட்டுக்கும் நீங்களே போய் வெற்றிலை பாக்கு வைத்து அழையுங்கள். எங்கள் ஊர்ச் சீரில் ஓர் அம்மா நடுவதற்கு வெட்டிய இரண்டு முருங்கைப் போத்துகளை, அதாவது கிளைத் துண்டுகளை, தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பீரோவுக்கு முன்னால் நடந்ததும் அவர்தான். ஒன்று பட்டுப்போனது. மற்றொன்றின் கீரை இப்போது சத்துணவுச் சாம்பாரில் விழுகிறது.

ஈராசிரியர் பள்ளி டீச்சர்:
நேற்று மாலை வெற்றிலை பாக்கோடு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா, "எங்களிடம் தாம்பாளம் இல்லையே டீச்சர்" என்றார். சத்துணவுத் தட்டைத் துலக்கித் தருகிறேன் என்றேன். வீட்டில் விளைந்த பூசணிக்காய் ஒன்று இருக்கிறதாம், அதை வைப்பாராம். ஆனால் சீர் நடக்கும் வெள்ளிக்கிழமை வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லி இன்று ஊர்ப் பெரியவர்களிடம் போகிறேன்.