ரிட்டர்ன் பம்ப்: வேகம் மாற்றக்கூடிய டிசியா, வால்வு பொருத்திய ஏசியா?

அலைமுற்றம்:
புதிதாக அமைத்துவரும் கடல்நீர் மீன்தொட்டிக்கு ரிட்டர்ன் பம்ப் வாங்க வேண்டும், அதாவது கீழேயுள்ள வடிகட்டும் தொட்டியான சம்பிலிருந்து நீரை மேலே திருப்பி அனுப்பும் பம்ப். தொட்டி 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 55 செ.மீ. உயரமும் கொண்டது, ஏறத்தாழ 400 லிட்டர் பிடிக்கும். சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் நீர்மட்டம் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 25 மி.மீ. பிவிசி குழாயில் மூன்று எல்போக்கள் வருகின்றன. தொட்டிக்குள் நீரோட்டத்துக்கு வேவ் மேக்கர்கள் தனியாக உண்டு. மணிக்கு அதிகபட்சம் 6000 லிட்டர் நீரை இறைக்கும், 4 மீட்டர் ஹெட் (நீரை ஏற்றக்கூடிய அதிகபட்ச உயரம்) கொண்ட ஒரு டிசி பம்பைப் பார்த்துவைத்திருக்கிறேன். அதன் கன்ட்ரோலரில் 30 முதல் 100 சதவீதம் வரை வேகத்தை மாற்றலாம், உணவிடும்போது 10 நிமிடம் நிறுத்திவைக்கும் பொத்தானும் இருக்கிறது. ஆனால் ஒரு நல்ல ஏசி பம்பும் கேட் வால்வும் இருந்தாலே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். இரு தரப்பின் காரணங்களையும் அறிய விரும்புகிறேன்.

பவளக்காடு:
தயங்காமல் டிசி பம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டி அமைத்த முதல் மாதத்தில் எவ்வளவு ஓட்டம் தேவைப்படும் என்பது யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. மேல்தொட்டியிலிருந்து சம்புக்கு நீர் வழியும் ஓவர்ஃப்ளோ குழாயின் சத்தம், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மருக்குள் போகும் நீரின் அளவு, சம்பில் எழும் நுண்குமிழ்கள் ஆகிய எல்லாமே ரிட்டர்ன் பம்பின் ஓட்டத்தைப் பொறுத்தே மாறும். ஒரு பொத்தானை அழுத்தி 5 சதவீதம் கூட்டிப் பார்ப்பதற்கும், அலமாரிக்குள் தலையை நுழைத்து ஈரக்கையால் வால்வைத் திருகுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வால்வு பொருத்திய ஏசி பம்ப் எப்போதும் முழு வேகத்தில்தான் சுழலும். தேவைக்கு மேற்பட்ட ஆற்றலை வால்வில் உராய்வாக வீணடிக்கிறீர்கள். ஏஹைம் 1262 போன்ற நம்பகமான ஏசி பம்ப் 80 வாட் எடுக்கும், அதாவது ஆண்டுக்கு 700 யூனிட். நீருக்குள் மூழ்கிய பம்ப் எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாக நீரிலேயே சேரும் என்பதால், கோடையில் நீரைக் குளிர்விக்கும் சில்லரும் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். டிசி பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மின்தேவை எட்டில் ஒரு பங்காகிவிடும். மையவிலக்கு பம்புகளின் அடிப்படை விதியே அதுதான்.

சிப்பி:
அந்த விதியைப் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். வேகத்தைப் பாதியாக்கினால் மின்தேவை எட்டில் ஒன்றாவதோடு, பம்பின் ஹெட் நான்கில் ஒன்றாகவும் குறையும். நண்பர் பார்த்துவைத்திருக்கும் பம்புக்கு 100 சதவீதத்தில் ஹெட் 4 மீட்டர் என்றால் 50 சதவீதத்தில் 1 மீட்டர்தான். அவர் நீரை ஏற்ற வேண்டிய உயரமோ 1.5 மீட்டர். ஆகவே அவருடைய தொட்டியில் 50 சதவீதத்தில் பம்ப் சுழலும், ஒளிரும், மின்சாரமும் எடுக்கும். ஒரு சொட்டு நீர் மேலே போகாது. கணக்குப்படி 61 சதவீதத்துக்குக் கீழே வரும் எல்லா எண்களும் அவருக்கு வெறும் அலங்காரம். 30 முதல் 100 வரை என்று பெட்டியில் போட்டிருப்பது பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் வேகத்தை மட்டுமே. அதை ஓட்டத்தின் சதவீதம் என்று எண்ணிக்கொண்டு வாங்குகிறவர்கள்தான் பிறகு பம்பில் ஏதோ கோளாறு என்று புகார் எழுதுகிறார்கள்.

பவளக்காடு:
உயரத்தை விட்டுவிட்டுப் பாதி வேகத்தைப் பேசியது பொருந்தாதுதான். அந்த எல்லை இருப்பதை ஏற்கிறேன். ஆனால் எல்லைக்கு மேலே நடப்பதையும் பார்க்க வேண்டும். பம்பின் ஹெட்டையும் ஓட்டத்தையும் இணைக்கும் வளைகோட்டைத் தோராயமாக ஒரு பரவளையம் என்று வைத்துக்கொண்டு, குழாய் உராய்வை இப்போதைக்கு விட்டுவிட்டால், 1.5 மீட்டர் உயரத்துக்கு 100 சதவீதத்தில் மணிக்குச் சுமார் 4700 லிட்டரும், 80 சதவீதத்தில் 3100 லிட்டரும், 70 சதவீதத்தில் 2000 லிட்டரும் கிடைக்கும். 400 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு ஐந்து மடங்கு என்று வைத்தால் தேவை 2000 லிட்டர்தான். வேவ் மேக்கர்கள் தனியாக இருக்கும்போது அதற்கு மேல் அவசியமில்லை. ஆகவே அவருக்கு வேண்டிய இடம் கட்டுப்படுத்தக்கூடிய பகுதிக்குள்ளேயே விழுகிறது, மேலே தாராளமாக இடமும் மிஞ்சுகிறது. பின்னால் ஒரு யூவி (புற ஊதா ஒளி) கருவிக்கோ, வடிகட்டுபொருள் நிரப்பிய ரியாக்டருக்கோ கிளைக்குழாய் எடுத்தால் அந்த மிச்சம்தான் உதவும்.

நுரைவடிப்பான்:
இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உராய்வை விட்டுவிட்டுப் போடும் கணக்கு இந்தத் தொட்டிக்கு உதவாது. 25 மி.மீ. குழாயில் மணிக்கு 4700 லிட்டர் செல்ல வேண்டுமானால் நீர் நொடிக்கு 2.5 மீட்டருக்கு மேல் பாய வேண்டும். அந்த வேகத்தில் மூன்று எல்போக்களும் வெளிவாயும் சேர்ந்து ஹெட்டில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். உராய்விழப்பு ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் உச்ச வேகத்தில்தான் இழப்பும் மிக அதிகம். இரண்டு மீட்டர் குழாய்க்கு நான் போட்டுப் பார்த்த கணக்கில் 100 சதவீதத்தில் 3500 லிட்டருக்கு அருகில்தான் வருகிறது, 70 சதவீதத்தில் 1500. பம்பைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்பே குழாயை 32 மி.மீ. ஆக்கிவிடுவது நல்லது. ஒரே ஓட்டத்துக்கு உராய்விழப்பு விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு நெருக்கமாகக் குறையும் என்பதால், குழாயில் செய்யும் அந்தச் சிறிய மாற்றம் அடுத்த அளவு பம்பை வாங்குவதைவிட அதிகம் தரும்.

சிப்பி:
குழாயைப் பற்றிச் சொன்னது சரி. அது ஏசி பம்புக்கும் அப்படியே பொருந்தும்.

என் முதன்மையான வாதம் வேறு. ரிட்டர்ன் பம்ப் என்பது ஒருமுறை அளவை நிர்ணயித்துவிட்டுப் பிறகு தொடவே கூடாத கருவி. ஓவர்ஃப்ளோவில் காற்று கலக்காமல் முழு சைஃபனாக ஓடும் குழாயைக் கேட் வால்வால் நுணுக்கமாகச் சரிசெய்து, இன்னொரு குழாயை அவசரத்துக்குக் காலியாக விட்டுவைக்கும் முறையை இன்று பலர் பின்பற்றுகிறோம். அந்த அமைப்பு அமைதியாக இருக்க வேண்டுமானால் மேலே போகும் நீரின் அளவு மாறாமல் இருக்க வேண்டும். குறைந்தால் சைஃபன் காற்றை உறிஞ்சிக் கொரகொரவென்று இரையும், கூடினால் மிகுதி நீர் அவசரக்குழாயில் சலசலக்கும். இரவில் அமைதிக்காக வேகத்தைக் குறைக்கும் வசதி என்று விளம்பரம் செய்கிறார்கள். இந்த வகை ஓவர்ஃப்ளோவில் இரவு வேகக்குறைப்புதான் சத்தத்தையே உண்டாக்கும். மாற்றவே கூடாத ஒன்றை மாற்றுவதற்கு ஒரு மின்னணுப் பெட்டி, ஓர் அடாப்டர், இரண்டு இணைப்பிகள் என்று பழுதாகக்கூடிய நான்கு பொருள்களை எதற்காகச் சேர்க்க வேண்டும்? ஏசி பம்பில் அசையும் பாகம் காந்தத்தோடு கூடிய இம்பெல்லர் ஒன்றுதான். சுண்ணாம்புப் படிவு ஏறினால் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் துலக்கிப் பூட்டிவிடலாம்.

வால்வு வைப்பது பம்புக்குக் கேடு என்று யாராவது சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: வெளியேறும் பக்கத்தில் வைத்தால் மையவிலக்கு பம்புக்கு எந்தத் தீங்கும் இல்லை. உறிஞ்சும் பக்கத்தை நெரிப்பதுதான் தவறு. வால்வு பிவிசியாகவே இருக்கட்டும். பித்தளை வால்விலிருந்து கசியும் செம்பு பவளங்களையும் இறால்களையும் கொன்றுவிடும்.

பவளக்காடு:
மாற்றவே கூடாது என்பது மிகைப்படுத்தல். படிவு ஏற ஏற எந்தப் பம்பிலும் ஓட்டம் சிறுகச் சிறுகக் குறையும். உங்கள் வால்வு நுட்பமாகச் சரிசெய்த அந்த சைஃபன் அப்போது தானாகவே இரைய ஆரம்பிக்கும். டிசியில் 2 சதவீதம் கூட்டினால் பழைய மட்டத்துக்கு வந்துவிடலாம். கழற்றிக் கழுவும் நாளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஏசியிலும் வால்வைத் திறந்து ஈடுகட்டலாமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் வால்வு ஏற்கெனவே முழுதாகத் திறந்திருக்கும் அளவுக்குச் சிறிய பம்பை வாங்கியவருக்கு அந்த வழியும் கிடையாது.

இன்னொன்று, மின்தடை. 24 வோல்ட் டிசி பம்பைப் பேட்டரியில் நேரடியாக இணைத்து ஓட்ட முடியும். ஏசி பம்புக்கு இன்வெர்ட்டர் வேண்டும்.

சிப்பி:
மின்தடையில் பேட்டரியை ரிட்டர்ன் பம்புக்குக் கொடுப்பது வீண். மணிக்கு 2000 லிட்டரை 1.5 மீட்டர் தூக்குவதற்கு உராய்வே இல்லாத நிலையிலும் 8 வாட் வேண்டும். பம்பின் திறனிழப்பையும் சேர்த்தால் பல மடங்காகும். மீன்கள் மேல்தொட்டியில்தான் இருக்கின்றன. அதே பேட்டரியில் ஒரு சிறிய வேவ் மேக்கரை நீரின் மேற்பரப்பு கலங்கும்படி வைத்தால், உயிர்களுக்குத் தேவையான ஆக்சிஜன் அதிக நேரம் கிடைக்கும்.

நுரைவடிப்பான்:
அந்த ஒரு விஷயத்தில் சிப்பி சொல்வதையே நானும் செய்வேன்.

உணவிடும் பொத்தானைப் பற்றி ஒரு சொல். சில கன்ட்ரோலர்களில் அந்தப் பத்து நிமிடமும் பம்பை முழுதாக நிறுத்தாமல் மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கிவிடும்படி அமைக்கலாம். 1.5 மீட்டர் உயரத்தைத் தாண்ட முடியாத வேகம் என்றால், பம்ப் சுழன்றுகொண்டிருக்கும்போதே நீர் குழாய் வழியே பின்னோக்கிச் சம்புக்கு இறங்கும், வெளிவாய்க்குக் காற்று கிடைக்கும் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் தொட்டியில் வெளிவாய் நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே இருந்தால் அது மட்டுமே சுமார் 21 லிட்டர். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் நிற்கும் நீர் அதற்கு மேல். அவ்வளவையும் தாங்க சம்பில் காலியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். நீர் பின்னோக்கி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வை நம்பாதீர்கள். ஒரு நத்தையோ சிறிது படிவோ அதன் இதழில் சிக்கினால் போதும்.

அலைமுற்றம்:
மூவருக்கும் நன்றி. சம்பை அளந்தேன்; இயங்கும் மட்டத்துக்கு மேல் 35 லிட்டருக்குத்தான் இடம் இருக்கிறது. ஆகவே வெளிவாயை நீர்மட்டத்துக்கு ஒன்றரை செ.மீ. மட்டுமே கீழே இருக்கும்படி உயர்த்தப்போகிறேன். குழாயையும் 32 மி.மீ. ஆக மாற்றுகிறேன். இந்த மாற்றங்களுக்குப் பிறகும் நான் டிசி பக்கமே சாய்கிறேன். யூவி கருவி ஒன்றைப் பின்னால் சேர்க்கும் எண்ணம் உண்டு, அதற்கு எவ்வளவு நீர் பிரியும் என்பது இப்போது தெரியாது. கன்ட்ரோலரை எங்கே வைப்பது நல்லது?

பவளக்காடு:
சம்ப் இருக்கும் அலமாரிக்குள் வைக்காதீர்கள். டிசி பம்புகள் பழுதாவது பெரும்பாலும் மோட்டாரால் அல்ல, உப்பு ஏறிய இணைப்பிகளால்தான். நுண்குமிழ்கள் வெடித்துத் தெறிக்கும் துளிகள் காய்ந்து, இணைப்பியின் ஊசிகளைச் சுற்றிப் பச்சை நிறத்தில் படிந்திருப்பதைக் கழற்றினால்தான் பார்க்க முடியும். பக்கத்தில் தனி அறையிலோ வெளிச்சுவரிலோ வையுங்கள். கம்பி கன்ட்ரோலருக்குள் நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஓட்டத்தைத் திரையிலுள்ள எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், வெளிவாய் நீரை ஒரு வாளியில் பிடித்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

சிப்பி:
உங்கள் முடிவு உங்களுடையது. நான் ஏசியைத்தான் வாங்கியிருப்பேன், கழற்றிய நேரத்தில் மாட்டுவதற்கு இன்னொன்றையும் அலமாரியில் வைத்திருப்பேன். டிசியே என்றால், உப்பைக் கரைப்பதற்கு முன் நன்னீரிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். பம்ப் ஓடும்போது சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, நீர் முழுதாகச் சம்புக்கு இறங்கி முடிந்த பிறகு மீண்டும் போடுங்கள். சில கன்ட்ரோலர்கள் பழைய வேகத்துக்குத் திரும்பும், சில தொழிற்சாலை அமைப்புக்குப் போகும், சில பொத்தானை அழுத்தும் வரை காத்திருக்கும். இந்த மூன்றாம் வகை என்றால், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் ஒரு நிமிட மின்தடை வந்தாலும் சம்பிலுள்ள ஹீட்டருக்கும் ஸ்கிம்மருக்கும் தொட்டிக்கும் தொடர்பே இருக்காது. அப்படி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அலைமுற்றம்:
விற்பவரிடம் முதலில் அதைத்தான் கேட்கப்போகிறேன். நன்னீர்ச் சோதனையின் முடிவையும், 70, 80, 100 சதவீதங்களில் வாளியில் அளந்த ஓட்டத்தையும் இதே இழையில் எழுதுகிறேன்.