பகல் நேரத்து வானியல்: விண்வெளி அறிவியல் முகாமுக்குப் போய் வந்த ஆசிரியர்களின் அனுபவங்கள்

நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்:

2024 மே, கோடை விடுமுறை. திருப்பத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஆசிரியர்களுக்கு விண்வெளி அறிவியல் செய்முறைப் பயிற்சி என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். உண்மைக் காரணம் காவலூர். ஜவ்வாது மலையில் இருக்கும் வைணு பாப்பு வான்நோக்ககத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கூட்டிப் போனார்கள். 1986இல் இயங்கத் தொடங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கியை அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது. அதைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முன்பே, 1972இல் வந்த 1 மீட்டர் தொலைநோக்கிதான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகும் நேரம், மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி மங்கியது. யுரேனஸுக்கு வளையம் இருப்பது உலகுக்குத் தெரிய வந்த நிகழ்வு அது. அதை நம் காவலூரிலிருந்தும் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் ராத்திரி வானம் காலை வாரிவிட்டது. அப்போதுதான் அமாவாசை கழிந்திருந்தது. மாலை வானத்தில் பார்க்கும்படி ஒரு கோள்கூட இல்லை. வியாழன் சூரியனோடு ஒட்டிக் கிடந்தது, சனி விடியற்காலையில்தான் எழும். போதாக்குறைக்குக் கோடை மேகம். அட்சய திருதியை அன்று மெல்லிய பிறை தலைகாட்டியது. தொலைநோக்கிக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு முறை வருவதற்குள் அதுவும் மூடிக்கொண்டது.

சரி, வந்ததற்கு இவ்வளவுதான் என்று நினைத்தால், மறுநாள் காலை கருத்தாளர் ஒரு பிளாஸ்டிக் பந்தைக் கொடுத்தார். உள்ளே மணல் நிரப்பி, மேலே சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி ஒட்டிய பந்து. கண்ணாடியைத் தாளால் மூடி, தாளில் சுண்டு விரல் நகம் அளவுக்கு முக்கோணமாக ஓர் ஓட்டை. பந்தை இன்சுலேஷன் டேப் உருளைமேல் உட்கார வைத்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம், உருளாது. வெயிலில் வைத்து, கதவு ஜன்னல் சாத்திய அறைக்குள் வெளிச்சத்தைத் திருப்பினோம்.

பக்கத்தில் அட்டையைப் பிடித்தால் முக்கோண வெளிச்சம். அட்டையோடு பின்னால் போகப் போக முனை மழுங்கி, 20 மீட்டர் தள்ளி இருந்த சுவரில் சுத்தமான வட்டம்! ஓட்டை முக்கோணமாக இருக்கும்போது வட்டம் எப்படி வரும் என்று எங்களுக்குள் பெரிய சண்டை. கருத்தாளர் பதில் சொல்லாமல் வெளியே புங்க மரத்தடிக்குக் கூட்டிப் போனார். தரையெல்லாம் வட்ட வட்டமாக வெயில். இலை இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தால் என்ன, கீழே விழுவது சூரியனின் படம்தான்.

அப்புறம் அளந்தோம். சுவரில் வட்டத்தின் குறுக்களவு பதினெட்டரை செ.மீ.க்குக் கொஞ்சம் கூட. 20 மீட்டரை அதால் வகுத்தால் ஏறத்தாழ 107. சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தைச் சூரியனின் விட்டத்தால் வகுத்தாலும் அதே 107தான். தூரம் 15 கோடி கி.மீ. என்று வைத்துக்கொண்டால் விட்டம் 14 லட்சம் வந்துவிடுகிறது. ஸ்கேலை வைத்துக்கொண்டு சூரியனை அளந்தாயிற்று.

இன்னொன்று. படம் ஓர் இடத்தில் நிற்காது. பென்சிலால் சுற்றி வரைந்தால் ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் முழுசாக வெளியே நகர்ந்துவிடும். பூமி சுற்றுகிறது என்று எத்தனை வருடம் சொல்லிக் கொடுத்திருப்போம். நகர்வதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

படத்தில் ஓர் ஓரமாக மங்கலான கறை. கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்தோம், போகவில்லை. அது சூரியப் புள்ளி, அதாவது சூரியனின் பரப்பில் வெப்பம் குறைந்து கறுப்பாகத் தெரியும் இடம். அந்த வாரம் உலகமே பேசிய 3664ஆம் எண் புள்ளிக் கூட்டம். பூமியைப் போல 15 பூமிகளை வரிசையாக வைக்கும் அகலம். அங்கிருந்து கிளம்பிய சூரியப் புயலால்தான் மே 10 இரவு லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. பேப்பரில் அந்தப் படம் வந்தபோது, இந்தப் புள்ளியை நாம் சுவரில் பார்த்தோமே என்று வாட்ஸப் குழுவில் ஒரே ஆர்ப்பாட்டம்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். பள்ளிக்கூடம் பகலில் நடக்கிறது. அந்த நேரத்தில் நமக்குக் கிடைக்கும் ஒரே நட்சத்திரம் சூரியன். தொலைநோக்கி வாங்க நிதி இல்லை என்று மனு போடுவதைவிட பந்துக்கு மணல் அள்ளுவது சுலபம். ஜூனில் பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்பில் செய்தேன். சத்துணவுக்கு மணி அடித்தும் பிள்ளைகள் அறையை விட்டு நகரவில்லை. கண்ணாடியை நேராகப் பார்க்கக் கூடாது, வெறும் கண்ணால் சூரியனையும் பார்க்கக் கூடாது என்று மட்டும் நாலு தடவை சொல்லிவிடுங்கள்.

கணித ஆசிரியர், உயர்நிலைப் பள்ளி, திருவள்ளூர் மாவட்டம்:

டீச்சர் சொல்வது சரி. நானும் அதே முகாமில்தான் இருந்தேன். எனக்குக் கம்புதான் பிடித்தது. மைதானத்தில் 1 மீட்டர் கம்பை நட்டு நிழலைக் குறித்துக்கொண்டே வந்தோம். நிழல் மிகக் குறுகியது 12 மணிக்கு இல்லை, 12.12க்கு. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். எல்லோரையும் குழப்பியது நிழல் விழுந்த பக்கம். எட்டு செ.மீ. சொச்சம், தெற்கே! மே மாதம் உச்சிவேளையில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது என்பதைப் பாதிப் பேர் நம்பவில்லை, திசைகாட்டிதான் கெட்டுவிட்டது என்றார்கள்.

அங்கே பழக்கமான நாகர்கோவில் ஆசிரியரும் நானும் செப்டம்பர் 23 அன்று அவரவர் பள்ளியில் கம்பு நட்டோம். உச்சிவேளை நிழல் எனக்கு 23 செ.மீ. சொச்சம், அவருக்கு 14 சொச்சம். கோணத்துக்கு மாற்றினால் வித்தியாசம் ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கோணத்துக்கு இரண்டு ஊருக்கும் இடையிலான தூரம் என்றால், முழு வட்டமான 360 பாகைக்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு. பிள்ளைகள் முதலில் ரோட்டு தூரம் 700 கி.மீ. என்று போட்டார்கள், பூமியின் சுற்றளவு 50,000ஐத் தாண்டிவிட்டது. வரைபடத்தில் நேர் வடக்கு தெற்காக அளந்த 550ஐப் போட்டதும் 40,000க்குப் பக்கத்தில் வந்து நின்றது. இப்படி நிழலை வைத்தே பூமியை அளந்த பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் பற்றிய பாடத்தை இனி கரும்பலகையில் நடத்த மனசு வராது.

தொடக்கப் பள்ளி ஆசிரியை, சேலம் மாவட்டம்:

நான் போனது வேறு முகாம். எல்லாமே இப்படி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தொடக்க விழாவிலேயே அரை நாள், மீதிக்கு பவர்பாயிண்ட். செய்முறை என்று கடைசியில் ஒரு பாட்டில் ராக்கெட். அது மட்டும் உருப்படி: மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், வாயில் கார்க், கார்க்கில் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி, சைக்கிள் பம்ப். தண்ணீரே இல்லாமலும், முக்கால்வாசி தண்ணீரோடும் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுமே அவ்வளவு உயரம் போகாது. ஏன் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகளே தகராறு செய்து கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து கம்புக்கு நிழலே விழாத நிழலில்லா நாள், சேலத்தில் ஆகஸ்டில் எந்தத் தேதி? ஏப்ரலில் எங்களுக்குத் தேர்வு நேரம்.

கணித ஆசிரியர், திருவள்ளூர்:

சென்னைக்கு ஆகஸ்ட் 18 வாக்கில், கன்னியாகுமரிக்கு செப்டம்பர் 1 வாக்கில். உங்களுக்கு 22ஐ ஒட்டி வரும். முந்தின நாளும் மறுநாளும் சேர்த்துப் பாருங்கள், மேகம் இருந்தால் கைகொடுக்கும். வரும் செப்டம்பரில் பூமியை அளக்க, எங்கள் ஊருக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில் ஒரு ஊர் தேவைப்படுகிறது. சேலத்தில் கம்பு நட நீங்கள் தயாரா?